உயிருக்கு ஏழு நாள் கணக்கு. முகத்துக்கு யார் கணக்கு?

புது தில்லி: சாலை விபத்தில் காயமடைந்தவர் யாராக இருந்தாலும், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை, ரூ.1.5 லட்சத்துக்கு மிகாமல் ரொக்கமில்லா சிகிச்சை. 2025 மே 5-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை செய்த திட்டத்தின் சாரம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது நாடாளுமன்றம் நாட்டுக்குக் கொடுத்த வாக்குறுதி, நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு விதித்து, அந்தக் கெடுவும் கடந்த பிறகு.

இந்தத் திட்டத்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதில் ஐயமில்லை. பணம் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று மருத்துவமனை வாசலில் நிற்க வைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு முடிவு கட்டக்கூடும். ஆனால், விபத்தில் பிழைத்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்த ஏழு நாள் வரம்பு பொருந்தவே இல்லை. தாடை உடைந்தவர்கள், கன்ன எலும்பு உள்ளே அமுங்கியவர்கள், கண்குழி நொறுங்கியவர்கள், முன்பற்களை இழந்தவர்கள் ஆகியோரே அவர்கள். உயிர் காக்கும் சிகிச்சை முடிகிற இடத்தில்தான் இவர்களுடைய முகச் சிகிச்சை தொடங்குகிறது. அரசின் பணமோ அநேகமாக அதே இடத்தில் நின்றுவிடுகிறது.

நீதிமன்றம் தட்டிய கதவு

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 162-ஆவது பிரிவு, விபத்துக்குப் பிந்தைய 'பொன்னான நேர'த்தில் ரொக்கமில்லா சிகிச்சை அளிக்க மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. பொன்னான நேரம் என்பது காயமடைந்ததிலிருந்து ஒரு மணி நேரம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. இப்பிரிவு 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. திட்டம் மட்டும் வரவில்லை.

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு தொடர்பாக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்து நடந்து வந்தது. அந்த வழக்கில்தான் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அடங்கிய அமர்வு, 2025 மார்ச் 14-க்குள் திட்டத்தை வகுக்கும்படி அந்த ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி உத்தரவிட்டது. கெடு கடந்தும் அறிவிக்கை வராததால் ஏப்ரலில் துறைச் செயலரை நேரில் வரவழைத்துக் கேள்வி எழுப்பியது. அடுத்த சில நாள்களில் அறிவிக்கை வெளியானது.

சட்டம் கேட்டது ஒரு மணி நேரம். அரசு கொடுத்திருப்பது ஏழு நாள். அந்த வகையில், சட்டத்தின் சொல்லைவிட அரசு தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று அதிகாரிகள் சொல்ல இடமுண்டு. செலவுக்கான வழியும் வகுக்கப்பட்டுள்ளது. விபத்துக்குக் காரணமான வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பிலிருந்தும், காப்பீடு இல்லாவிட்டாலோ வாகனம் நிற்காமல் போய்விட்டாலோ அரசின் ஒதுக்கீட்டிலிருந்தும் மோட்டார் வாகன விபத்து நிதியம் மருத்துவமனைக்குப் பணம் தரும். சிகிச்சைக்கான கட்டணத் தொகுப்புகள், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விபத்துக் காயத் தொகுப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை.

மருத்துவரின் நாள்காட்டி

இருசக்கர வாகனத்திலிருந்து முகம் தரையில் மோத விழும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் முதலில் பார்க்கப்படுவது அவருடைய முகம் அல்ல. மூச்சுக்குழாயில் இரத்தமும் உடைந்த பல்லும் அடைத்திருக்கிறதா, இரத்தப்போக்கு நிற்கிறதா, கழுத்தெலும்பு முறிந்திருக்கிறதா, மூளையில் இரத்தக் கட்டு உண்டா என்பதே முதல் நாளின் கவலை. முகத்தில் பலத்த அடி என்றாலே தலையிலும் அடி பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டர், சி.டி. ஸ்கேன், மூளை அறுவைச் சிகிச்சை என்று போனால் ரூ.1.5 லட்சம் வார இறுதிக்கு முன்பே தீர்ந்துவிடுவது புதுமையல்ல.

இதற்கிடையில் முகம் வீங்கியிருக்கும். வீக்கம் வடியாமல் எலும்புகளைச் சரியாகப் பொருத்துவது கடினம் என்பதால், முக எலும்பு முறிவுகளுக்கான அறுவைச் சிகிச்சை பலருக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. தாடையில் மட்டும் முறிவு உள்ளவருக்கு, நல்ல வசதியுள்ள மருத்துவமனையில் முதல் வாரத்திலேயே அது முடிந்துவிடக்கூடும். தலைக்காயமும் சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதற்காக வெகுநாள் தள்ளிப்போடவும் முடியாது. மூன்று வாரங்களைத் தாண்டினால் எலும்புகள் கோணலாகவே கூடிவிடும். பிறகு அவற்றை மீண்டும் உடைத்துத்தான் பொருத்த வேண்டும். பணம் புரட்டுவதற்காக வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவர்களின் செலவு குறைவதில்லை; கூடுகிறது.

அறுவைச் சிகிச்சை என்பது சின்னஞ்சிறு டைட்டானியம் தகடுகளையும் திருகுகளையும் கொண்டு எலும்பைப் பிணைப்பது. சிலருக்கு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்த நாள்களில் கஞ்சியும் பழச்சாறும்தான் உணவு. கட்டட வேலைக்கோ மூட்டை தூக்கவோ போகிறவருக்கு அந்த உணவில் உடம்பு நிற்காது, கூலி போகும். மருத்துவமனை ரசீதில் இந்த இழப்பு ஏறுவதே இல்லை.

அதோடு முடிவதும் இல்லை. விழுந்த பற்களுக்குப் பதில் செயற்கைப் பல் பொருத்துவது எலும்பு கூடிய பிறகுதான். கோணிய மூக்கைச் சீராக்குவதும், தழும்பைத் திருத்துவதும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருந்து செய்யப்படுகின்றன. கண்ணீர்க் குழாய் அறுந்தவர், முக நரம்பு பாதித்து ஒரு கண்ணை மூட முடியாதவர் ஆகியோரின் நடை இன்னும் நீளம். ஏழு நாள் என்பது இந்த நாள்காட்டியின் முதல் தாள் மட்டுமே.

ஏழாம் நாளுக்குப் பிறகு

எட்டாம் நாள் காலையில் நோயாளியின் குடும்பத்துக்கு உள்ள வழிகள் சிலவே. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், அந்த மருத்துவமனையும் அத்திட்டத்தில் சேர்ந்திருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் என்ற வரம்புக்குள் சிகிச்சை தொடரலாம். வாய், முகம், தாடை அறுவைச் சிகிச்சை அதில் தனிப் பிரிவாகவே இடம் பெற்றுள்ளது, இது பாராட்டத்தக்கது. ஆனால் அத்திட்டம் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களுக்கானது. புறநோயாளியாக வந்து போகும் சிகிச்சைக்கு அதில் இடமில்லை. பல் கட்டுவதும், தழும்புக்கு மருந்து போடுவதும், தாடையை அசைக்கப் பயிற்சி எடுப்பதும் பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவில்தான்.

அட்டை இல்லாதவர் நிலை வேறு. மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம் பேர், அதாவது சுமார் 40 கோடிப் பேர், எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாதவர்கள் என்று நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஏழை என்று அட்டை பெற முடியாத, காப்பீடு வாங்கும் அளவுக்கு வசதியும் இல்லாத நடுப்பகுதி இது. இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போய் வருகிற இந்தியாவின் கணிசமான பகுதியும் இதுதான்.

இவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்பது நியாயமான கேள்வி. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2017-18-இல் நடத்திய 75-ஆவது சுற்று ஆய்வின்படி, ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் ரூ.4,452, தனியாரில் ரூ.31,845. எல்லா நோய்களுக்குமான சராசரி இது என்றாலும், ஏறத்தாழ ஏழு மடங்கு இடைவெளி தெளிவாகவே தெரிகிறது. ஆனால் முகச் சிகிச்சை நிபுணர்கள் எல்லா ஊரிலும் இல்லை. தாடை அறுவைச் சிகிச்சை இந்தியாவில் பல் மருத்துவத்தின் ஒரு மேற்படிப்பு. நிபுணர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பெருநகர மருத்துவமனைகளிலும் குவிந்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து மாவட்ட மருத்துவமனையில் தையல் போடலாம். தகடு பொருத்த நகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். தில்லியில் எய்ம்ஸ் நிறுவனத்தின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையத்துக்கு அண்டை மாநிலங்களிலிருந்து ஆம்புலன்ஸ்கள் வந்த வண்ணம் இருப்பது இதனால்தான்.

மாநிலங்களின் சொந்தத் திட்டங்களும் இதே சுவரில் மோதுகின்றன. தமிழகத்தில் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், மத்தியத் திட்டத்துக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது. எந்த மாநிலத்தவரானாலும் தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளானால் சிகிச்சை உண்டு. ஆனால் பெயரே சொல்வதுபோல அதன் கணக்கு 48 மணி நேரம். தில்லி அரசின் 'ஃபரிஷ்தே' திட்டம் தனியார் மருத்துவமனைச் செலவு முழுவதையும் ஏற்பதாக அறிவித்தது. மருத்துவமனைகளுக்கான பாக்கி தேங்கி, அப்போது ஆண்ட ஆம் ஆத்மி அரசே 2023 டிசம்பரில் துணைநிலை ஆளுநருக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தை நாடும் அளவுக்கு அது போனது. தாராளமாக அறிவிப்பது எளிது. ரசீதுக்குப் பணம் கொடுப்பதில்தான் திட்டங்கள் தடுக்கி விழுகின்றன.

சட்டத்தில் முகம்

விந்தை என்னவென்றால், இந்தியச் சட்டங்கள் முகத்தை மறந்தவை அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மிகக் கடுமையான முகச் சிதைவு என்பது இரு கைகளையும் இழப்பதற்கு இணையாக, நூறு சதவீத வருவாய்த் திறன் இழப்பாக இடம் பெற்றிருந்தது. முகம் சிதைந்தவருக்கு வேலை கிடைப்பது அரிது என்பதை அந்தச் சட்டம் உணர்ந்திருந்தது. தலை அல்லது முகம் நிலையாகச் சிதைவதை இந்திய தண்டனைச் சட்டம் கொடுங்காயம் என்றது. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையும் அவ்வாறே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு முகச் சிதைவை 'நிரந்தர ஊனம்' என்ற பட்டியலில் வெளிப்படையாகவே வைத்திருந்தது.

2019 திருத்தம் அந்த அத்தியாயத்தையே நீக்கிவிட்டது. அதன் இடத்தில் வந்துள்ள 164-ஆவது பிரிவு, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம் என்கிறது. பழைய சட்டத்தின் ரூ.25 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் தொகை பெரிது. ஆனால் ஒரு பல் உடைந்ததும் கொடுங்காயம், முகத்தின் நடுப்பகுதி முழுவதும் நொறுங்கியதும் கொடுங்காயம். இரண்டுக்கும் அதே தொகை. வாகனம் நிற்காமல் போய்விட்டால் கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம் மட்டுமே.

உண்மையான செலவைப் பெற விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எதிர்கால மருத்துவச் செலவு இழப்பீட்டின் தனித் தலைப்பு என்பதை 2010-இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்குத் திட்டவட்டமான மருத்துவச் சான்று வேண்டும் என்றும் சொன்னது. இங்கேதான் 2019 திருத்தம் இன்னொரு முடிச்சைப் போட்டது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு மீண்டும் நுழைந்தது. தழும்பைத் திருத்தலாமா, மூக்கைச் சீரமைக்கலாமா என்று மருத்துவர் முடிவு சொல்லத் தொடங்குவதே ஆறு மாதத்துக்குப் பிறகு. தனக்கு இன்னும் எவ்வளவு செலவாகும் என்று தெரியாத நிலையிலேயே ஒருவர் வழக்குத் தொடுத்தாக வேண்டும். காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் இடைக்கால உத்தரவு இடைக்கால உத்தரவுதான்.

தீர்ப்பாயத்துக்கே போக முடியாதவர்களும் உண்டு. பள்ளத்தில் இறங்கியோ, நாய் குறுக்கே வந்தோ, தானே சறுக்கி விழுந்தவருக்கு எதிர்த்தரப்பு என்று ஒரு வாகனம் கிடையாது. அவருக்கு இருப்பது வாகனக் காப்பீட்டோடு கட்டாயமாக வரும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது உயிருக்கும், கை கால்களுக்கும், கண் பார்வைக்கும் பணம் தரும். ஒரு கண் போனால் பாதித்தொகை. பார்வை மிஞ்சி முகம் மட்டும் சிதைந்தால் அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. மெடிக்ளைம் வைத்திருப்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணமில்லை என்ற விலக்கு, விபத்துக்குப் பிந்தைய சீரமைப்புக்குப் பொருந்தாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது அறுவைச் சிகிச்சை அழகுக்கா, சீரமைப்புக்கா என்ற வாதம் அதன் பிறகும் நிறுவனங்களுடன் நடக்கத்தான் செய்கிறது.

திராவக வீச்சுக்கு ஆளானவர்கள் விஷயத்தில் நாடு வேறு விதமாக நடந்துகொண்டது. 2013-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இலவச சிகிச்சைக்கான பிரிவு சேர்ந்தது. 2015-இல் லட்சுமி வழக்கில், தனியார் மருத்துவமனைகளும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை உள்பட முழுச் சிகிச்சையையும் இலவசமாக அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அவர்கள் இடம் பெற்றனர். திட்டமிட்ட கொடுமையையும் சாலை விபத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆயினும், சிதைந்த முகத்துக்கு முதலுதவி மட்டும் சிகிச்சையாகாது என்ற கருத்தை நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

எண்ணிக்கையும் பணமும்

2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர் என்கிறது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. 2023-இல் உயிரிழப்பு 1.72 லட்சத்தைத் தாண்டியது. 2022-இல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். தலைக்கவசமும் முகவாய் வரை மறைப்பதாக இருந்தால்தான் தாடைக்குப் பாதுகாப்பு. உச்சந்தலையை மட்டும் மூடும் தொப்பி போலீஸாரின் அபராதத்திலிருந்து காப்பாற்றலாம், பல்லைக் காப்பாற்றாது.

அறிக்கை இறந்தவர்களை வயது, பால், வாகனம், சாலை என்று பல வகையில் பிரித்துக் காட்டுகிறது. காயமுற்றவர்களைக் கடுங்காயம், லேசான காயம் என்று பிரிப்பதோடு அநேகமாக நின்றுவிடுகிறது. எந்த உறுப்பில் காயம், எத்தனை அறுவைச் சிகிச்சை, எவ்வளவு செலவு என்பதற்கு அதில் அட்டவணை இல்லை. அவையில் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு அமைச்சர் தரும் பதிலும் இந்த அட்டவணைகளைத் தாண்டுவதில்லை. தவிர, விபத்து சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பு. சிகிச்சைத் தொகுப்பு சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. காப்பீடு நிதியமைச்சகத்தின் பொறுப்பு. ஒரு முகத்தின் சிகிச்சை மூன்று கோப்புகளில் கிடக்கிறது.

ஏழு நாள் என்பதும் ரூ.1.5 லட்சம் என்பதும் அறிவிக்கையில் உள்ள வரம்புகள். அவற்றை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. முதல் வாரத்துக்குள் மருத்துவர் எழுதிக் கொடுத்த முக அறுவைச் சிகிச்சையை, அது பன்னிரண்டாம் நாளில் நடந்தாலும், திட்டத்துக்குள் அனுமதிக்கலாம். தொகையை உயர்த்தாமலேயே இதைச் செய்ய முடியும்.

தயக்கம் பணத்தில் இருக்கிறது. நாள்களை நீட்டினால் நிதியத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் செலுத்தும் பங்கு உயரும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. எனவே அதை உயர்த்தும்படி நிறுவனங்கள் அரசிடம்தான் வந்து நிற்கும். கோடிக்கணக்கான இருசக்கர வாகனக்காரர்களின் பையில் கை வைக்கும் முடிவை எந்த ஆளும் கட்சியும் விரும்பி எடுப்பதில்லை. நாட்டின் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடு இல்லாமலே ஓடுகின்றன என்பது 2019-20 கணக்கு. அவற்றைக் காப்பீட்டுக்குள் கொண்டுவராமல் திட்டத்தை மட்டும் விரித்தால், ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிற மறுபாதியினரும் அரசுக் கருவூலமுமே முழுச் சுமையையும் ஏற்க வேண்டியிருக்கும். போக்குவரத்து அமைச்சகமும் நிதியமைச்சகமும் முதலில் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு இது.